வெண்கல முகம்

உலகப் பல்கலைக்கழக மாணவர் விளையாட்டு விழாவை நடத்தும் பாக்கியம் அந்த நகரத்துக்குக் கிடைத்த நேரத்தில், பல்கலைக்கழகக் குழாய்க்காரர் ஆண்கள் விடுதியின் இரண்டாம் மாடியில் ஒரு கை கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். செய்தி வந்த மகிழ்ச்சியில் நிர்வாகக் கட்டடத்தில் யாரோ அபாயச் சங்கை அலற விட்டார்கள். மேல்தொட்டிதான் உடைந்துவிட்டதோ என்று அவர் பதறி எழுந்து, குழாயில் நெற்றியை இடித்துக்கொண்டார். அந்த விழாவில் முதன்முதலாகக் காயம்பட்டவர் அவர்தான். இது எந்த அறிக்கையிலும் இல்லாததால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

"என்ன விழாப்பா அது?" என்று நெற்றியைத் தேய்த்தபடி விடுதிக் காவலாளியைக் கேட்டார்.

"உலகத்துல இருக்கிற காலேஜ் பசங்கல்லாம் நம்ம ஊருக்கு வந்து ஓடுவாங்களாம்."

"ஏன், அவங்க ஊர்ல இடமில்லையா?"

 காரணம் தெரிந்தவர்கள் அதை வெளியே சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த விழாவுக்கு வேறெந்த நகரமும் கை தூக்கவில்லை. ஒரே ஒரு நகரம் தூக்கிவிட்டு, 'தலையைச் சொறியத்தான் தூக்கினோம்' என்று இறக்கிக்கொண்டதாம். இருக்கட்டுமே! தனியாக ஓடினாலும் முதலில் வருகிறவன் முதல்வன்தானே? மறுநாளே தெருவுக்குத் தெரு பலகை முளைத்துவிட்டது: 'உலகமே நம் வீட்டு விருந்தாளி.' பலகை நட்ட குழியில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. அவற்றையும் குழாய்க்காரர்தான் போய்ச் சரிசெய்தார்.

அவருக்கு விஷயம் உறைத்தது மாலையில் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஒரே மகள், அதே பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிப்பவள், ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள், வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்த விழாவுக்கு நம்ம அணியில என்னை எடுத்துட்டாங்க! இந்தத் தடவையாவது வந்து பாருப்பா. இதான் எனக்குக் கடைசி. படிப்பு முடிஞ்சா மாணவர் விளையாட்டுல என்னை யார் சேர்ப்பாங்க?"

அவள் ஓட ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் ஓடி அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்று வேண்டுதலா என்ன? ஒவ்வொரு போட்டியன்றும் சொல்லி வைத்த மாதிரி எங்காவது ஒரு குழாய் உடையும். பள்ளிப் போட்டியன்று பெண்கள் விடுதி மேல்தொட்டி. கல்லூரிப் போட்டியன்று வேதியியல் ஆய்வகம். அதற்கடுத்த வருஷம் துணைவேந்தர் வீட்டுக் கழிவறை. அதை விட்டுவிட்டு வர எவனுக்குத் துணிச்சல் வரும்?

"உங்கப்பாவுக்குக் குழாய்தான் மூத்த பொண்ணு. நீ ரெண்டாவது" என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இந்தத் தடவை தண்ணி கழுத்து வரைக்கும் வந்தாலும் நான் வந்துடுவேன் பாப்பா" என்று குழாய்க்காரர் வாக்குக் கொடுத்தார். மகள் நம்பவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

விழாவுக்கு ஏற்பாட்டுக் குழு அமைந்தது. குழுவுக்குள் நாற்பத்தொரு உபகுழுக்கள். வரவேற்புக்கு ஒன்று, வழியனுப்ப ஒன்று. பூச்செண்டு கொடுக்க ஒன்று, கொடுத்த பூச்செண்டைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க ஒன்று. கைதட்டலுக்கு ஒன்று, அதில் ஒன்பது உறுப்பினர்கள். மூன்றாம் மாதக் கூட்டத்தில் யாரோ ஒரு அப்பாவி எழுந்து, "போட்டிகளை நடத்தறது யாரு?" என்று கேட்டுவைத்தார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பத்திரண்டாவதாக ஒரு உபகுழு அமைத்து, கேட்டவரையே அதற்குத் தலைவராகவும் உறுப்பினராகவும் போட்டுவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

இது மாணவர்களுக்கான விழா. ஆகவே மாணவர்கள் எல்லோரும் விடுதியைக் காலி செய்துவிட்டுத் தங்கள் ஊருக்குப் போக வேண்டும் என்று முதல் சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு வீரர்களைத் தங்கவைக்க விடுதி அறைகள் வேண்டுமல்லவா?

ஒரு நாள் காலை பதக்க மேடை உபகுழுவின் தலைவர் விடுதித் தாழ்வாரத்தில் அளவு நாடாவோடு நடந்து வந்தார். ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். முப்பத்தெட்டு வருஷம் தவளை அறுத்தவர். அசையாமல் கிடக்கும் உயிர்களிடம்தான் அவருக்குப் பழக்கம். தாழ்வாரத்தில் குழாய்க்காரரைப் பார்த்ததும் நின்றார். உச்சந்தலையில் நாடாவை வைத்துக் கால் வரை இறக்கினார்.

"குள்ளம். ரொம்பக் குள்ளமில்ல. எங்க, முகத்தை இப்படித் திருப்புங்க." குழாய்க்காரர் திருப்பினார். "அடடா! மூணு மாசமா இந்த முகத்தைத்தான்யா தேடிக்கிட்டிருக்கேன். சுத்தமான வெண்கல முகம்!"

"சார், நான் குழாய்..."

"அது நேத்து வரைக்கும். இன்னியிலேர்ந்து நீங்க வெண்கலம்."

விஷயம் இதுதான். பதக்கம் கொடுக்கும் நிகழ்ச்சி பிசகில்லாமல் நடக்க வேண்டும். அதற்கு ஐந்து மாதம் ஒத்திகை. ஒத்திகையில் முதல், இரண்டு, மூன்றாம் இடங்களில் நிற்க மூன்று ஆட்கள் வேண்டும். நூலகத்து லிஃப்ட்காரரைத் தங்கமாக எடுத்துவிட்டார்கள். நல்ல உயரம், வாழ்நாள் முழுக்கப் பெட்டிக்குள் நிமிர்ந்து நின்று பழகியவர். விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர் வெள்ளி. வெண்கலத்துக்குத்தான் முகம் அமையாமல் இருந்தது.

"மேடை எங்க சார் போடுவீங்க?" என்று குழாய்க்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மைதானத்துக்குள்ளதான். வேற எங்க?"

அவ்வளவுதான், மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மைதானத்துக்குள் நிற்கச் சொல்லி அவர்களே அழைக்கும்போது, மகள் ஓடுவதைப் பார்ப்பதற்கு எவன் தடை சொல்லப் போகிறான்? அவர் கழுத்தில் 'வெண்கலம்' என்று அச்சடித்த அட்டையை மாட்டினார்கள்.

ஒத்திகை தினமும் காலை பத்து மணிக்கு. தலைவர் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

"தங்கம் அழணும். பதினாலு வினாடி. பதினஞ்சாவது வினாடி கண்ணைத் துடைச்சிடணும். வெள்ளி, தங்கத்தைப் பார்த்துக் கைதட்டணும், ஆனா மனசுக்குள்ள தட்டலைன்னு தெரியணும். வெண்கலம் சிரிக்கணும். முழுசா சிரிச்சா அல்பம். சிரிக்காட்டி நன்றி கெட்டவன். கிடைச்ச வரைக்கும் போதும்ங்கற மாதிரி ஒரு சிரிப்பு. வருமா?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அப்படித்தான் சார் சிரிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் குழாய்க்காரர்.

"அதுக்குத்தானே உங்களை எடுத்தேன்!"

பாவம், லிஃப்ட்காரருக்குத்தான் அழுகை வரவில்லை. முப்பது ஒத்திகை வரை கண்ணைக் கசக்கிப் பார்த்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு தடவை நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், நான்கு மணி நேரம் ஒரு தத்துவப் பேராசிரியரோடு உள்ளே மாட்டிக்கொண்டாராம். அதை நினைத்த மாத்திரத்தில் பொலபொலவென்று கொட்டியது. தலைவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். "வெண்கல முகமாமா? கல்யாணப் போட்டோவுலயும் உங்களுக்கு இதே முகம்தான். அப்பவே எவனாவது ஒரு பதக்கம் குடுத்திருக்கலாம்."

பதக்க மேடையை ஓடுபாதையின் நடுவிலேயே போட்டிருந்தார்கள், புகைப்படத்துக்கு அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். பாதை முழுக்கப் பாலித்தீன் விரித்து, 'ஓடுபாதையில் ஓடக் கூடாது' என்று நான்கு இடத்தில் பலகை வைத்தார்கள். தொடக்க நாள் வரை பாதை புத்தம்புதிதாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஒரு நாள் அவர் மேடையில் நின்று அளவாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மகள். தோளில் காலணிப் பை.

"பயிற்சிக்கு வந்திருக்கேண்ணே. நான் அணியில இருக்கேன்."

"இருந்துட்டுப் போம்மா" என்றார் வாசல் காவலாளி. "இது விளையாட்டு மைதானம். இங்க வந்து விளையாடறேன்னா எப்படி விடறது?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேடையில். எதிரே கைதட்டல் உபகுழு எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு உடம்பே கூசிப்போயிற்று. அவள் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லாரி போகிற சாலைக்கு ஓடப் போனாள்.

அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாகத் தலைவரிடம் வாய் திறந்தார். "சார், ஓடற பிள்ளைங்க ஒரு தடவை ஓடிப் பார்க்க வேணாமா?"

"எதுக்கு? ஓடத் தெரிஞ்சவங்கதானே வர்றாங்க. நிக்கத்தான் எவனுக்கும் தெரியல. நாளைக்குப் பத்திரிகையில வரப்போறது யார் ஓடினாங்கறது இல்ல. யார் எப்படி நின்னாங்கறதுதான். முப்பத்தெட்டு வருஷ அனுபவத்துல சொல்றேன், ஓடறதெல்லாம் நின்னாத்தான் அதைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுக்க முடியும்."

லாரிச் சாலையில் ஓடி ஓடி மகளின் காலணி அடி பிளந்தது. உள்ளூர் அணிக்கு ஏற்பாட்டுக் குழு புதுக் காலணி கொடுத்திருந்தது உண்மைதான். ஆனால் அணிவகுப்பில் எல்லோர் காலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும் என்று எல்லோருக்கும் ஒன்பதாம் அளவிலேயே வாங்கிவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடப்பதே சர்க்கஸ். குழாய்க்காரர் மகளின் பழைய காலணியை எடுத்து, குழாய் ஒட்டும் பசையைத் தடவி, இறுக்கிப் பிடித்து, ஒழுகும் இணைப்புக்குச் சுற்றும் நீல நாடாவை இடது முன்பக்கத்தில் நான்கு சுற்றுச் சுற்றினார்.

"விடாதாப்பா?"

"நான் ஒட்டினது எதுவும் விட்டதில்ல. வேணும்னா பெண்கள் விடுதியில போய்க் கேட்டுப் பாரு."

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் எழுபது நாட்டு மாணவர்கள் வந்து இறங்கினார்கள். வந்த அன்றே மூன்றாம் மாடிக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. ஏறாது. அந்த விடுதி நாற்பது வருஷத்தில் ஐந்து தடவை நீட்டிக் கட்டப்பட்டது. எந்த வால்வைத் திறந்தால் எந்த மாடிக்குத் தண்ணீர் போகும் என்பதற்கு வரைபடம் கிடையாது. எல்லாம் குழாய்க்காரரின் தலைக்குள்தான் இருந்தது. விடுதிக் காப்பாளர் மூச்சிரைக்க மைதானத்துக்கு ஓடி வந்தார்.

"சார், இவரை ஒரு மணி நேரம் விடுங்க. வந்தவங்க எல்லாம் சோப்பு போட்டுக்கிட்டு நிக்கறாங்க."

"என்ன பேசறீங்க?" என்று தலைவர் சீறினார். "குழாயை யார் வேணாலும் பார்க்கலாம். வெண்கலம் ஒருத்தர்தான்."

காப்பாளர் யார் யாரையோ கூட்டிவந்து வால்வுகளைத் திருகவைத்தார். மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய தண்ணீர் நூலகத்துக்குள் போயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கு எட்ட வேண்டியது புத்தகத்துக்கு எட்டிவிட்டது.

இதற்கிடையில் சான்றிதழ் விவகாரம். சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டிய பெரியவர் விழா நடக்கும்போது ஊரில் இருக்க மாட்டார். அடுத்த விழா எந்த ஊரில் என்று பார்வையிட அயல்நாட்டுப் பயணம். முன்கூட்டியே கையெழுத்து வாங்கலாம் என்றால், பெயர் எழுதும் இடம் காலியாக உள்ள தாளில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அவர் பதவிக்கு வந்ததே அந்த ஒரு கொள்கையால்தான். உபகுழு மூன்று நாள் யோசித்தது. கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு போட்டிகளுக்கும் ஒத்திகை ஆட்கள் மூவரின் பெயரையே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பதக்கப் பட்டியலும் சான்றிதழை ஒட்டியே இருக்க வேண்டும் என்று விதி. ஆக, பட்டியலும் அப்படியே அச்சாயிற்று.

"அப்புறமா மாத்திக்கலாம்" என்றார் தலைவர். அலுவலகத்தில் அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் உங்களுக்கும் எனக்கும் தூக்கம் போய்விடும். அங்கே யாருக்கும் போகவில்லை.

தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பேசினார். "மாணவர்களே! நானும் ஒரு காலத்துல மாணவன்தான். என்கூடப் படிச்சவங்க எல்லாம் ஓடினாங்க, தாண்டினாங்க, குதிச்சாங்க. நான் ஒரு நாள்கூட நாற்காலியை விட்டு எழுந்ததில்ல. இன்னிக்கு அவங்க எங்க இருக்காங்க? நான் எங்க இருக்கேன்? இதை நீங்க யோசிக்கணும்." மைதானத்தில் பச்சைக் கொடி உயர்ந்தது, கைதட்டல் எழுந்தது. சிவப்புக் கொடி உயர்ந்தது, அடங்கியது. பார்வையாளர் வரிசையில் பேருந்து வைத்து அழைத்துவந்த அலுவலக ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்களைத்தான் ஊருக்கு அனுப்பியாயிற்றே.

மறுநாள் முதல் இறுதிப் போட்டி: பெண்கள் ஐயாயிரம் மீட்டர். குழாய்க்காரர் காலையிலேயே முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். போனால், மேடையைப் பார்வையாளர் மாடத்துக்குப் பின்னாலுள்ள முற்றத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். ஓட்டம் நடக்கும் நேரத்தில் இறுதி ஒத்திகையாம். முற்றத்திலிருந்து பார்த்தால் ஒரு சுவர் மட்டும் தெரிந்தது. அவருடைய அட்டைக்கும் மேடையைத் தவிர வேறெங்கும் போக அனுமதி இல்லை.

"சார், ஒரு இருபது நிமிஷம். என் பொண்ணு ஓடுது சார்."

"ஓட்டம் நடக்கறப்ப ஒத்திகையை நிறுத்திட்டா, ஓட்டம் முடிஞ்சதும் நம்ம கதி என்ன? ஏறுங்க, ஏறுங்க."

ஏறினார். சுவருக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வெடித்தது. ஓட்டம் ஆரம்பம். இவர் அளவாகச் சிரித்தார். தங்கம் அழுதது. வெள்ளி தட்டியது. மறுபடியும் முதலிலிருந்து. ஒன்பது வருஷம்! கழுத்துவரை தண்ணீர் வந்தாலும் வருவேன் என்று சொன்ன வாய்தானே இது? தண்ணீர் கணுக்காலுக்குக்கூட வரவில்லை, நிற்கிற இடத்தை விட்டு நகரக் கால் வரவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"போய்யா" என்று லிஃப்ட்காரர் உதடு அசையாமல் முணுமுணுத்தார். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் இன்னும் பத்து வினாடி அழுவேன். அதுக்குள்ள போ."

குழாய்க்காரர் இறங்கினார். ஐந்து மாதத்தில் உத்தரவில்லாமல் மேடையை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை. வாசல் வழியாகப் போக முடியாது. ஆனால் அவர் குழாய்க்காரர் அல்லவா? முற்றத்து மூலையில் இருந்த இரும்பு மூடியைத் தூக்கினார். மழைநீர் வடிய மாடத்துக்கு அடியில் ஒரு பாதை போகிறது. குள்ளமானவர் குனிந்தால் போகலாம். சேற்றில் சளக் சளக்கென்று நடந்து, ஓடுபாதையின் கடைசி வளைவில் இருந்த கம்பி வலைக்கு அடியில் போய் நின்று, தலையைத் தூக்கிப் பார்த்தார்.

வானம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கால்கள் வந்தன.

கால்கள் மட்டும்தான். முழங்காலுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தடதடவென்று ஜோடி ஜோடியாகத் தாண்டிப் போயின. அவர் எண்ணினார். எட்டாவது ஜோடியில், இடது முன்பக்கத்தில் நீல நாடா!

"பாப்பா!" என்று கத்தினார். நிலத்துக்கு அடியிலிருந்து வந்த குரல் யாருக்குக் கேட்கும்?

அடுத்த சுற்றில் நீல நாடா ஆறாவதாக வந்தது. அதற்கடுத்த சுற்றில் ஐந்தாவது. நாடா பிரியவில்லை, அடியும் திறக்கவில்லை. அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்று. கொஞ்சம் தள்ளி இரண்டு. பிறகு ஒரு மஞ்சள் காலணி, அதன் குதிகாலை உரசுகிற மாதிரி நீல நாடா. நான்காவது. வளைவைத் தாண்டிவிட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கைதட்டல் கேட்டது. அதில் என்ன தெரியும்? கொடி காட்டுகிறவன் ஓட்டம் முடிவதற்கு முன்பே பச்சையைத் தூக்கிவிட்டிருந்தான்.

சேறும் சகதியுமாக அவர் முற்றத்துக்குத் திரும்பி, மேடையைத் தூக்கிக்கொண்டு போன ஆட்களின் பின்னாலேயே மைதானத்துக்குள் வந்தபோது, அங்கே தலைவரின் மேசைக்கு முன்னால் மகள் நின்றிருந்தாள். இன்னும் இரைத்துக்கொண்டிருந்தாள். அவளோடு இரண்டு அயல்நாட்டுப் பெண்கள்.

"கடைசி இருபது மீட்டர்ல தாண்டிட்டேன் சார். நான்தான் மூணாவது."

"நல்லா ஓடினீங்கம்மா. இல்லேன்னு யார் சொன்னா?" என்றார் தலைவர், பட்டியலில் விரலை ஓட்டியபடி. "ஆனா பாருங்க, உங்க பேர் இல்லையே. மூணாவதுல வேற பேர் இருக்கு. சான்றிதழ்ல கையெழுத்தும் ஆயிடுச்சு. போட்டவர் இப்ப விமானத்துல இருக்கார்."

"அப்ப ஓடினது?"

"ஓடினதுக்கும் பதக்கத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? மூணு பேரும் கீழ நில்லுங்க. வெண்கலம்! எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க? சட்டையெல்லாம் சேறு! சரி சரி, ஏறுங்க."

மகள் அப்பாவைப் பார்த்தாள். மைதானத்து வாசலில் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. 

"சார், பட்டியல்ல இருக்கிறது என் பேருதானே?"

"ஆமா."

"அப்ப அது என் பதக்கமா?"

"சந்தேகமில்லாம. கையெழுத்தே இருக்கே."

குழாய்க்காரர் ஏறினார். சிறப்பு விருந்தினர் பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டு, மேலே இருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, "நல்லா வியர்க்க வியர்க்க ஓடியிருக்கீங்க" என்று பாராட்டினார். குழாய்க்காரர் கும்பிட்டார். பதக்கத்தைக் கழற்றினார். இறங்கி, மகளின் கையைப் பிடித்துத் தன் இடத்தில் ஏற்றி, அவள் கழுத்தில் போட்டார். போட்டதும் அவருக்கு அழுகை வந்தது. ஒத்திகையில் வராத அழுகை, நிற்கவேயில்லை.

"வெண்கலம் அழக் கூடாது!" என்று தலைவர் ஒலிபெருக்கியில் அலறினார். "அது தங்கத்தோட வேலை!"

தங்கமும் தன் பங்குக்குப் பதினான்கு வினாடி அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, முதலில் வந்த பெண்ணை ஏற்றிவிட்டது. வெள்ளியும் இரண்டாவது பெண்ணுக்குப் போட்டுவிட்டு, இந்தத் தடவை மனசாரத் தட்டியது. தலைவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பதக்கம் வாங்கியவர் அதை என்ன செய்யக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அன்று சாயங்காலமே ஒரு பக்கம் சேர்த்துவிட்டார்கள். வாங்கிய பதக்கத்தை மைதான எல்லைக்குள் கழற்றக் கூடாது என்று புது விதி. பெயர் மாற்றக் கோரும் விண்ணப்பங்கள் விழா முடிந்த பிறகு பரிசீலிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. ஆக, மீதி இருநூற்றுப் பதினோரு போட்டிகளின் பதக்கங்களையும் மூன்று பேரே வாங்கினார்கள். பெண்கள் நீச்சலில் தங்கம் லிஃப்ட்காரருக்கு, மல்யுத்தத்தில் எல்லா எடைப் பிரிவிலும் தங்கம் லிஃப்ட்காரருக்கு. பத்து நாளில் அவருக்குக் கூன் விழுந்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவரை நகரத்தின் பெருமை என்று எழுதியது. சாயங்காலமானால் மூவரும் பதக்கங்களை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு விடுதிக்குப் போவார்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, யார் ஜெயித்தார்களோ அவர்கள் கழுத்தில் போடுவார்கள். எழுபது நாட்டு மொழியில் இவர்களுக்கு ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் பதக்கம் என்றால் எல்லோருக்கும் புரிந்தது. பதக்கத்தைக் கொடுத்த கையோடு குழாய்க்காரர் அந்த அறைக் குழாயையும் திறந்து பார்ப்பார். மூன்றாம் நாள் ஐந்தாம் மாடி வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது. அதற்குத்தான் அந்தப் பிள்ளைகள் அதிகமாகக் கைதட்டினார்கள்.

ஓடிய அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மகள் கேட்டாள். "உண்மையைச் சொல்லுப்பா. நான் ஓடினதைப் பார்த்தியா இல்லியா?"

"பார்த்தேன்."

"என்ன பார்த்தே?"

"எட்டாவதா வந்தே. அப்புறம் ஆறு, அஞ்சு. கடைசி வளைவுல நாலாவது. மஞ்சள் காலணிக்காரி குதிகாலை மிதிக்காம வெளிப்பக்கமா ஒதுங்கினே." குனிந்து அவள் காலணியைப் பார்த்தார். "ஒட்டு விடல."

மகள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பிறகு சேறு அப்பிய அந்தச் சட்டையோடு அவரைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதக்க மேடை உபகுழுவின் அறிக்கை வெளியானது. வழவழப்பான தாளில் முந்நூறு பக்கம். ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு பிரதி வந்தது. ஆண்கள் விடுதி அலுவலகத்துக் குழாயைச் சரிசெய்யப் போனபோது குழாய்க்காரர் அதை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் தலைவரின் முடிவுரை இருந்தது:

'இருநூற்றுப் பன்னிரண்டு பதக்க நிகழ்ச்சிகளில் இருநூற்றுப் பதினொன்று, ஒத்திகையில் இருந்தபடியே சிறப்பாக நடந்தேறின. முதல் நாள் நிகழ்ச்சியில் மட்டும் ஒரு குறை நேர்ந்தது. பதக்கங்களை, ஓடியவர்களே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வருங்கால விழாக்களில் இது மீண்டும் நிகழாதவாறு பார்த்துக்கொள்ளப்படும்.'

குழாய்க்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு சிரித்தார். முழுசாகவே சிரித்தார்.